அரைக் கிலோமீட்டர் அண்ணன்

வேறு நாட்டுக்குக் குடிபோகிறவர்கள் என் கவுன்ட்டருக்கு வந்து நின்றதும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "மேடம், காரைக் கையோட கொண்டுபோயிடலாமா, இல்ல இங்கேயே வித்துட்டுப் போறது நல்லதா?" என்னவோ அந்தக் காரை நான்தான் பெற்று வளர்த்த மாதிரி.

துறைமுகத்துக்குள் கார்களைக் கப்பலேற்றி அனுப்பும் கம்பெனி ஒன்றில், வண்டிகளைச் சரிபார்த்து வாங்கிக்கொள்கிற வேலை எனக்கு. மூன்று பக்கம் கண்ணாடி வைத்த சின்ன அறை. வெயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் முகத்தில்தான் விழும். எனக்குக் கோபம் அதிகம் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த அறையில் அவர்கள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லாமல் இல்லை. வண்டிக்கு என்ன வயது? பழைய வண்டியைச் சில நாடுகள் வாசலிலேயே நிறுத்திவிடும். அங்கே வண்டி எந்தப் பக்கம் ஓடுகிறது? ஸ்டியரிங் மாறியிருந்தால் லாரியை முந்துகிற ஒவ்வொரு தடவையும் பக்கத்து சீட்டில் இருக்கிற மனைவியை எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும், குடும்பம் தாங்குமா? பாங்குக் கடன் முடிந்ததா? வண்டி யார் பேரில் இருக்கிறது? மாமனார் பேரில் இருக்கிற காரை மருமகன் என் காரென்று கொண்டுபோக முடியாது. போகிற ஊரில் அந்தக் கம்பெனி காருக்கு ஒரு பல்பாவது கிடைக்குமா? இத்தனையும் கேட்டுவிட்டு, "இருந்தாலும் மேடம், மனசு கேக்கல" என்று இழுத்தால், கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டிவிடுவேன். "அதோ, அந்த நெட்டையா நிக்கறாரே, அவரைக் கேளுங்க."

அந்த நெட்டையானவர்தான் அரைக் கிலோமீட்டர் அண்ணன்.

அவர் வேலை, யார்டில் வரிசையாக நிற்கிற கார்களை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போய், சரிவுப் பாதையில் ஏற்றி, கப்பலின் வயிற்றுக்குள் நிறுத்துவது. யார்டிலிருந்து கப்பலுக்கு அரைக் கிலோமீட்டர்தான் இருக்கும். உள்ளே ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவே கை முஷ்டி நுழைகிற இடம்தான் விடுவார்கள். பக்கக் கண்ணாடியை மடக்கி, கதவை ஒரு சாண் திறந்து, வயிற்றை எக்கிக்கொண்டு நழுவி வெளியே வர வேண்டும். வந்ததும் ஒரு வேன் எல்லா ஓட்டுநர்களையும் அள்ளிக்கொண்டு வந்து மறுபடி யார்டில் கொட்டும். அடுத்த கார். இப்படியே அவர் வயது போனது.

"உலகத்துல இருக்கற எல்லாக் காரையும் ஓட்டிட்டேன்மா. எந்த ஊருக்கும்தான் போனதில்ல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பட்டப்பெயர் வைத்தது சூப்பர்வைசர். அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் மகளே போன் செய்தால், "அரைக் கிலோமீட்டர் இருக்காரா?" என்றுதான் கேட்பாள்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு, மற்ற ஓட்டுநர்கள் யாரிடமும் கிடையாது. காரில் ஏறியதும் தன் நீளக் காலுக்குத் தகுந்தபடி சீட்டைப் பின்னால் தள்ளுவார். தள்ளும்போது டக், டக் என்று சத்தம் வருமே, அதை மனதுக்குள் எண்ணிக்கொள்வார். கப்பலில் நிறுத்தி, சாவியை எடுப்பதற்கு முன்னால், அதே அளவு முன்னால் தள்ளி வைத்துவிட்டுத்தான் இறங்குவார். "எங்கேயோ கண்காணாத ஊர்ல போய் ஏறி உக்காருவாங்க. உக்கார்ந்ததும் கால் எட்டணும். அப்பதான் நம்ம காருன்னு இருக்கும்" என்பார். ஒரு காருக்கு இவ்வளவு நேரமா என்று சூப்பர்வைசர் விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோனார்.

சந்தேகம் கேட்டு வருகிறவர்களிடம் அண்ணன் என்னைப்போல் எரிந்து விழமாட்டார். பொறுமையாகச் சொல்வார். அடிப்பக்கம் நல்லா கழுவிக் கொண்டுவாங்க, ஒட்டின மண்ணோட போனா அங்க இறக்கவே விடமாட்டாங்க. உள்ள துணிமணி, பாத்திரம், பொம்மை ஒண்ணும் வைக்காதீங்க, கார் போகலாம், குடித்தனம் போகக்கூடாது. டாங்க்ல பெட்ரோல் கால்வாசிக்கு மேல இருக்கக்கூடாது, கப்பல்ல அத்தனை டாங்க் பக்கத்துல பக்கத்துல நிக்கும் பாருங்க. அலாரத்தை நிறுத்திடுங்க, இல்லேன்னா நடுக்கடல்ல கத்திக்கிட்டே போகும். சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, கீறல் விழுந்தா நாளைக்குப் பேசறதுக்கு. இன்சூரன்ஸை மறக்காதீங்க. இவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசியில் அவரே ஒன்று கேட்பார்.

"திரும்பி வருவீங்களா சார்?"

கேட்டவர் விழிப்பார். அண்ணனுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. காரை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவார்கள். கப்பலேற்றினவர்கள் வரமாட்டார்கள். இதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"எங்க சித்தப்பா பையன் விட்டுட்டுப் போன கார்ல புல்லே முளைச்சிருச்சு. அவன் எங்கே வந்தான்?" என்று நான் மடக்கினால், "இன்னும் வரலேன்னு சொல்லும்மா" என்பார். இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது?

இவர் கதையைச் சொல்வதென்றால் மகளைச் சொல்லாமல் முடியாது. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தாய் போய்விட்டாள். அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டார், கோணலாகத்தான் பின்னுவார் என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவள் வளர்ந்து, வேலைக்குப் போய், தன் சம்பளத்தில் சின்னதாக ஒரு நீலக் கார் வாங்கினாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தது அண்ணன்தான். கல்யாணமானதும் மாப்பிள்ளையும் அண்ணன் குடியிருந்த மாடி வீட்டுக்கே வந்தார். பிறகு குட்டி பிறந்தாள். மாடியில் நாலு பேர், கீழே தகரக் கூரைக்கு அடியில் நீலக் கார். அண்ணன் அந்த வருடங்களில் வாயெல்லாம் பல்லாகத்தான் வேலைக்கு வருவார்.

பிறகு மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. கம்பெனி மனைவிக்கும் குழந்தைக்கும் அனுமதி வாங்கிக் கொடுத்தது. மாமனாருக்கெல்லாம் யார் வாங்கிக் கொடுப்பார்கள்?

காரை என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு வந்தது. போகிற நாட்டிலும் வண்டி இங்கே ஓடுகிற பக்கம்தான் ஓடும், அதனால் ஸ்டியரிங் சாக்கு அண்ணனுக்குக் கிடைக்கவில்லை, பாவம். வண்டிக்கு வயதும் ஆகவில்லை. கடனும் இல்லை. ஆனாலும் அண்ணன் சொன்னார்: "முதல்ல நீங்க போய் வீடு பாருங்கம்மா. கார் நிறுத்த இடம் இருக்கான்னு பாருங்க. இப்ப கப்பல்லயும் நெருக்கடி. அவசரம் என்ன? நான் பாத்துக்கறேன்." ஒவ்வொன்றும் உண்மை. எங்கள் கவுன்ட்டரில் நாங்கள் எல்லாருக்கும் சொல்கிறதுதான். மகளும் சாவிகள் இரண்டையும் ஆணியில் மாட்டிவிட்டு விமானம் ஏறினாள்.

அதற்குப் பிறகு அண்ணன் அந்தக் காரைப் பார்த்துக்கொண்ட அழகை நான் சொல்ல வேண்டும். லீவு நாளில் துணியை விலக்கி, தூசி தட்டி, ஸ்டார்ட் செய்வார். பாட்டரி இறங்கக் கூடாது, டயர் ஒரே இடத்தில் அழுந்தக் கூடாது என்று தெருமுனை வரைக்கும் போய்த் திரும்புவார். போக வர எவ்வளவு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு நிறுத்தியபடியே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மகளுக்கு வீடியோ கால் போடுவார். முதலில் எல்லாம் குட்டி போனைப் பறித்து, "தாத்தா நம்ம காரு! ஹாரன் அடி தாத்தா!" என்று கத்துவாளாம். இவர் அடிப்பார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து முறைப்பார். போகப் போகக் குட்டி தலையைக் காட்டிவிட்டு விளையாட ஓட ஆரம்பித்தாள். அதற்கப்புறம் தலையைக் காட்டுவதும் நின்றது. "தூங்கறாப்பா", "கார்ட்டூன் பாக்கறாப்பா" என்று மகள் சொல்வாள். பேச்சு முடிந்த பிறகும் இவர் அங்கேயே உட்கார்ந்திருப்பாராம். மாடிக்குப் போனால் அங்கே என்ன இருக்கிறது? சாப்பிட்ட ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. அந்த வீட்டில் வாய் திறந்து பேச டி.வி.யை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"கார்ல கொஞ்ச நேரம் உக்காந்தா பொழுது போகுதும்மா" என்று என்னிடம் சொன்னபோது, நான் "ரேடியோ கேட்டுக்கிட்டே உக்காருங்க, பாட்டரி சீக்கிரம் தீரும்" என்று கிண்டல் செய்தேன். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவர்கள் போய் ஒரு வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கும், ஒரு மத்தியானம் என் மேஜைப் போன் அடித்தது. அவர் மகள். அப்பா இருக்காரா என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"இல்ல அத்தை, உங்ககிட்டதான் பேசணும். அப்பாகிட்ட சொல்லாதீங்க. இங்க இவர் ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார், புதுசா குடிவர்றவங்க சொந்தக் காரை வரியில்லாம கொண்டுவரணும்னா வந்து ஒரு வருஷத்துக்குள்ள கொண்டுவந்துடணுமாம். அப்புறம் வரியே காரை விட அதிகமாயிடுமாம். நான் அப்பாகிட்ட ரெண்டு தடவை கேட்டேன். அதெல்லாம் ஒரு அவசரமும் இல்லேங்கறார். அப்பாவுக்குத் தெரியாம இருக்குமா?"

என் தலைக்கு மேல் ஒரு போர்டு இருக்கிறது. எந்த நாட்டுக்கு என்ன விதி என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அவள் கேட்ட விதியும் அதில் இருக்கிறது. அந்தப் போர்டை ஸ்டூல் மேல் ஏறித் திருகாணி போட்டு மாட்டியவரே அவள் அப்பாதான்.

"விதி ஏதாவது மாறியிருக்கும்மா, நான் பாத்துச் சொல்றேன்" என்று மென்று முழுங்கினேன். "ஏன், கார் அவ்வளவு அவசியமா வேணுமா?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு சொன்னாள். "இங்க பஸ்ஸே கிடையாது அத்தை. கடைக்குக்கூட நடந்து போக முடியாது. காலைல இவர் போனா சாயங்காலம் வரைக்கும் நானும் குட்டியும் நாலு சுவரும்தான். ஒரு நாள் முழுக்க ஒருத்தர்கிட்டயும் பேசாம இருந்திருக்கேன். கார் இருந்தா குட்டியை எங்கேயாவது கூட்டிட்டுப் போவேன். இதெல்லாம் அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. நல்லா இருக்கேன்னுதான் சொல்லிட்டிருக்கேன்."

போனை வைத்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டீ நேரத்தில் அண்ணன் வந்து வழக்கம்போல் கண்ணாடியைத் தட்டினார். நான் டீயைத் தொடவில்லை.

"அண்ணே, என் தலைக்கு மேல ஒரு போர்டு இருக்கே, அதை மாட்டினது யாரு?"

"நான்தான். ஏம்மா, திருகு கழண்டுக்கிச்சா?"

"போர்டு நல்லாத்தான் நிக்குது. அதுல அஞ்சாவது வரியை எனக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

அவர் தலை நிமிரவில்லை. படிக்கத் தேவையில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பொண்ணு போன் பண்ணாளா?"

"பண்ணா. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் உக்காந்து புத்தி சொல்றீங்க. பெத்த பொண்ணு கேட்டா வாயை மூடிக்கறீங்க. நல்லா இருக்குண்ணே!"

அவர் டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தார். "கார் இங்க இருக்கற வரைக்கும் அவ வெளியூர் போயிருக்கான்னு நினைச்சுக்கலாம்மா. காரையும் ஏத்திட்டா, குடியே போயிட்டான்னு ஆயிடும். தேதி தாண்டிட்டா அப்புறம் கொண்டுபோக முடியாதில்ல, இங்கேயேதானே இருக்கும், அப்படின்னு..." முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

"கார் இங்க இருக்கும். அவ? அவ அங்க நாலு சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. பேச ஆளில்லாம பைத்தியம் பிடிக்காத குறையா இருக்கா. உங்களுக்குத் தெரியுமா?" சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொண்டது நினைவிருந்தது. சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி.

அவர் முகம் தொங்கிப்போனது. "நல்லா இருக்கேன்னுதானே சொல்றா?"

"நீங்க அவகிட்ட என்ன சொல்றீங்க?"

"நானும் அதைத்தான் சொல்றேன்."

திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். விட்டுவிட்டேன். இங்கே இவர் ஒரு காருக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறார், அங்கே அவள் ஒரு வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

அன்று சாயங்காலமே மகளிடம் பேசிவிட்டார். "தேதி இருக்குன்னு எனக்குத் தெரியும்மா, தெரிஞ்சுதான் சொல்லலன்னு சொல்லிட்டேன்" என்று மறுநாள் வந்து சொன்னார்.

"என்ன சொன்னா?"

"திட்டுவான்னு நினைச்சேன். 'அடுத்த கப்பல் எப்பப்பா?'ன்னு மட்டும் கேட்டா."

அடுத்த கப்பலை விட்டால் தேதி தாண்டிவிடும். அண்ணன் லீவு போட்டு வேலையில் இறங்கினார். அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். பிஸ்கட் தூள், ஒற்றைச் சின்ன சாக்ஸ், ஒரு கிளிப், வெயிலில் உருகிக் கதவுப் பையில் ஒட்டிக்கொண்ட சிவப்புக் கிரேயான். எல்லாவற்றையும் எடுத்தார். கிரேயான் கறை மட்டும் போகவில்லை. ஒரு தடவை ஒரு அம்மாளை முன் கண்ணாடியில் தொங்கிய பொம்மையைக்கூடக் கழற்றி வைக்கச் சொன்னவர் அவர். தன் காரில் ஒரு குண்டூசி இருந்தால்கூட நான் குத்திக்காட்டுவேன் என்று அவருக்குத் தெரியும். மகளிடமிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. இன்சூரன்ஸ் போட்டார். போட்டோ எடுத்தார், ஒரு கல்யாணத்துக்கு எடுப்பது மாதிரி அத்தனை.

குறித்த நாளுக்கு முந்தின நாள் காலையில் நீலக் காரை யார்டுக்குள் ஓட்டிக்கொண்டு வந்து என் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார். "மத்தவங்க கார் மாதிரியே பாரும்மா. தெரிஞ்சவர்னு சலுகை வேண்டாம்" என்றார். நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். வெளியே ஒரு பொட்டு மண் இல்லை. உள்ளே ஒரு நூல் இல்லை. அலாரம் அணைத்திருந்தது. சாவியைத் திருப்பிப் பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, டாங்க் ஃபுல்லா இருக்கு!"

அவர் குனிந்து எட்டிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் இதற்காக எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்! சூப்பர்வைசர் ஓடிவந்தார், மற்ற ஓட்டுநர்கள் ஓடிவந்தார்கள். "அரைக் கிலோமீட்டருக்கே சட்டம் தெரியலடா!" என்று ஒரே கும்மாளம். அவரும் சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை.

"எதுக்குண்ணே இவ்வளவு ரொப்பி வச்சீங்க? நீங்கதான் தெருமுனை தாண்ட மாட்டீங்களே."

"எப்பவுமே ரொப்பித்தான் வைப்பேன்மா" என்றார். "திடீர்னு வந்து எறங்கினா, உடனே எங்கேயாவது போகணும்னா, பங்க்ல போய் நிக்கவேண்டியதில்ல பாரு."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டார்கள். ட்யூப் போட்டுப் பெட்ரோலை எடுத்துவிடலாம் என்று சூப்பர்வைசர் மெதுவாகச் சொன்னார். இங்கே தினமும் நடக்கிற வேலைதான். அண்ணன் தலையாட்டி மறுத்தார். "வேண்டாம் சார். ஓட்டியே தீத்துட்டு வந்துடறேன். இன்னிக்கு ஒரு நாள் இருக்கில்ல."

கேட்டைத் தாண்டி நீலக் கார் இடது பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம்தான் ஹைவே. வண்டி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கூட யாராவது போயிருக்கலாம். நான்கூடப் போயிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார். முள் கால்வாசிக்குக் கீழே இறங்கியிருந்தது. வண்டியின் மேல் புதுத் தூசி. மறுபடி கழுவ வேண்டும்.

"எங்கே போனீங்க?"

"எங்கேயும் இல்ல. நேரா போனேன். முள்ளு பாதிக்குக் கிட்ட வந்ததும் திரும்பிட்டேன்." அவர் கண்கள் சிவந்திருந்தன, ஓட்டினதாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை. "ரோடு போய்க்கிட்டே இருக்குதும்மா. இவ்வளவு தூரம் நான் வண்டி ஓட்டினதே இல்ல. நடுவுல நிறுத்தி அவளுக்கு போன் போட்டேன். அங்க தூங்கற நேரம், எடுக்கல."

மறுநாள் கப்பல். எல்லாரும் சொன்னார்கள், நீலக் காரை வேறு யாராவது ஏற்றட்டும் என்று. அவர் கேட்கவில்லை. வரிசையில் அதன் முறை வரும்வரை மற்ற கார்களை வழக்கம்போல் ஏற்றினார். பிறகு அதில் ஏறினார். சரிவுப் பாதையில் அது ஏறி உள்ளே போனதை என் அறையிலிருந்து பார்த்தேன். அதற்குமேல் நடந்தது அவர் சொல்லித்தான் தெரியும்.

கப்பலுக்குள் இடம் பார்த்து நிறுத்தினார். கண்ணாடியை மடக்கினார். வழக்கம்போல் சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியில் கை போனது, முன்னால் தள்ளி வைக்க. எத்தனை டக் என்று அவருக்குத் தெரியவில்லை.

முன்பின் தெரியாதவர்கள் கார்களுக்கெல்லாம் எண்ணினவர், மகள் போன பிறகு அவள் காரில் முதல் தடவை ஏறிச் சீட்டைத் தள்ளும்போது எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்றே தோன்றியிருக்காது. வருடம் முழுக்க அது அவருடைய உயரத்துக்கே இருந்துவிட்டது. முன்னால் தள்ளிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினார். பின்னால் இழுத்தார். அவள் அம்மாவைப்போல் குள்ளம், கால் எட்டாமல் சீட்டு நுனிக்கு வந்து உட்காருவாள், அதெல்லாம் நினைவிருந்தது, இடம் மட்டும் நினைவில்லை. பின்னால் விசில் மேல் விசில். வரிசை நின்றுவிட்டது. ஏதோ ஒரு இடத்தில் விட்டுவிட்டு நழுவி இறங்கிவிட்டார்.

"தப்பா வச்சுட்டேன்மா" என்று வந்து என் கண்ணாடிக்கு வெளியே நின்றார். "எங்கேயோ வச்சுட்டேன்."

"ஒரு தடவை இழுத்து விட்டா சரியாப் போகுது. இதுக்குப் போய்!" என்றேன். வேறு என்ன சொல்வது?

கப்பல் போனது. மாடிக்குக் கீழே தகரக் கூரை காலியாக நின்றது. அதில் எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார், அண்ணன் சரி என்றுவிட்டார். லீவு நாள்களில் யார்டுக்கு வர ஆரம்பித்தார். வேலை இருக்காது. சும்மா வேலியோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் போங்களேன் என்று ஒரு தடவை சொன்னேன். அவர் பார்த்த பார்வைக்குப் பிறகு சொல்வதில்லை.

கார் போய்ச் சேர்ந்த செய்தி ஒரு மத்தியான டீ நேரத்தில் வந்தது. அவர் என் கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு பேசினார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"கார் வந்துடுச்சுப்பா! ஒரு கீறல் இல்ல. குட்டி சிவப்புக் கறையைப் பாத்துட்டு ஒரே குதி. இன்னிக்கு நானே அவளைக் கூட்டிக்கிட்டுக் கடைக்குப் போயிட்டு வந்தேன். பூங்கா ஒண்ணு இருக்குப்பா, அங்கயும் போனோம். அங்க ஒருத்தி பழக்கமாயிட்டா, நம்ம பேச்சுப் பேசறவ." அவள் குரல் ஒரு வருடத்துக்கு முந்தைய குரலாக இருந்தது. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், அவள் பார்க்கிற மாதிரி.

"சீட்டு சரியா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"சீட்டா? எந்தச் சீட்டு?"

"நீ ஏறி உக்கார்ந்ததும் கால் எட்டிச்சா?"

"ஓ, அதுவா. துறைமுகத்திலேருந்து இவர்தான்பா ஓட்டிட்டு வந்தார். நான் அப்புறமா எனக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டேன். ஏன்ப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் கேட்டேன். மாப்பிள்ளை ஓட்டினாரா, நல்லது, நல்லது."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எப்போது வருவீர்கள் என்று அவர் கேட்கவில்லை, வருகிறோம் என்று அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருமே அந்தப் பக்கம் போகாமல் பேசி முடித்துவிட்டார்கள்.

வெளியே விசில் ஊதியது. அடுத்த கார் ஒரு குள்ளமான டாக்டரம்மாவுடையது. அன்று காலையில்தான் நான் வாங்கி வைத்தேன். சீட்டு ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். அண்ணன் கதவைத் திறந்தார். கம்பியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, சீட்டை நகர்த்தாமலே, உடம்பை மடக்கி மடக்கி உள்ளே நுழைந்தார். முழங்கால்கள் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றன. பார்க்கச் சகிக்கவில்லை. அன்றைக்கு மட்டும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் எந்தக் காரின் சீட்டையும் அவர் நகர்த்துவதில்லை.

அன்று நான் அறையை விட்டு வெளியே ஓடிப்போய்க் கத்தினேன். "அண்ணே, காலை இப்படி மடக்கிக்கிட்டு எப்படி ஓட்டுவீங்க? சீட்டைப் பின்னால தள்ளுங்களேன்!"

அவர் கண்ணாடியை இறக்கினார். "இருக்கட்டும்மா" என்றார். "அரைக் கிலோமீட்டர்தானே."